உடைந்த கற்களால் ஒரு தளம்

அந்த மாதங்களை நினைத்தால் முகங்களுக்கு முன்னால் சத்தங்கள்தான் எனக்கு வருகின்றன. ரப்பர்க் காய் வெயிலில் வெடிக்கும். விதை தகரக் கூரையில் விழுந்து உருண்டு, விளிம்பில் ஒரு கணம் நின்று, அப்புறம் கீழே மண்ணில் விழும். பக்கத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் யாராவது இருமிக்கொண்டே இருப்பார்கள். மழை வெகுதூரத்தில் தொடங்கி, ஒவ்வொரு வரிசை மரமாகத் தாண்டி, அவசரமே இல்லாமல் எங்கள் வீட்டை நோக்கி நடந்து வரும். நான் உள்ளறையில் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது.

மலாய் நாட்டில், கூலாய் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் இரண்டு மணி நேரம் போனால் வரும் ரப்பர்த் தோட்டம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் என் கணவர் அங்கே டிரசராக இருந்தார். மருந்து கலப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சல்காரர்களை வரிசையில் நிற்கவைத்துக் கொயினா மருந்து குடிக்க வைப்பது எல்லாம் அவர் வேலை. வாரத்துக்கு ஒருநாள் பட்டணத்திலிருந்து டாக்டர் வருவார். மற்ற ஆறு நாளும் அந்த ஆஸ்பத்திரி என் கணவர் கையில்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே எங்களுக்கு ஒரு பலகை வீடு கொடுத்திருந்தார்கள்.

என் அப்பா ஜொகூர் பாருவில் கொத்தனார். அம்மா நான் நடக்கத் தொடங்கும் முன்பே போய்விட்டதால், என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல், வேலை நடக்கும் இடத்துக்கெல்லாம் அப்பா கூட்டிக்கொண்டு போவார். மணல் குவியலில் நான் விளையாடி, அதிலேயே தூங்கி எழுந்து வளர்ந்தேன். ஒருமுறை பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவர் தளம் போட்டுக்கொண்டிருந்தபோது, ஈரம் காயாத தரையை எல்லோரும் ஓர் எட்டுதானே என்று மிதித்துக்கொண்டு போனார்களாம். அங்கே டிரசர் வேலை பழகிக்கொண்டிருந்த ஒரே ஒருவர் மட்டும் மூன்று நாளும் கட்டடத்தையே சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். அவரைத்தான் அப்பா எனக்கு மாப்பிள்ளையாகப் பார்த்தார். வேறு எதையும் விசாரித்த மாதிரி எனக்கு நினைவில்லை.

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினேழு நாள் இருந்தாள். முப்பதாம் நாள் பேர் வைக்கலாம் என்றிருந்தோம். அதனால் அவளுக்குப் பேர் இல்லை. காய்ச்சல் வந்த அன்று மழையில் பாதை அறுந்து கிடந்தது, டாக்டர் வர வழியில்லை. என் கணவர்தான் மருந்து கலந்து கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. காட்டோரத்தில், தோட்டத்து ஆட்களைப் புதைக்கும் இடத்துக்கு அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தார், குளித்தார், சட்டையை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அங்கே பன்னிரண்டு பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். அது எனக்குத் தெரிந்திருந்தும், அவர் அன்றைக்கு அப்படிப் போனதை நான் ரொம்ப நாள் மனசிலேயே வைத்திருந்தேன்.

பிரசவம் பார்த்த மருத்துவச்சி வந்து, பால் வற்றுவதற்காக என் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள். விடியற்காலையில் ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போவார்கள். இன்றைக்குப் பால் நன்றாக இறங்கும், நேற்று மழையில் பால் கெட்டுப் போச்சு என்று பேசிக்கொண்டு போவார்கள். மரத்துப் பாலைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் காதைப் பொத்திக்கொள்வேன்.

இப்படியே ஒரு மாதம் போயிருக்கும். அவர் மத்தியானம் வந்து சோறு வடித்து, ரசம் வைத்து, தட்டை என் பக்கத்தில் வைப்பார். நான் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். பேச்சு இல்லை. ஒருநாள் அவர் என் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைந்திருக்கிறது, காலையில் கொஞ்ச நேரம் வெளியே வந்து வெயிலில் உட்கார் என்றார். முன்பக்கம் உட்கார்ந்தால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் துக்கம் கேட்பார்கள். பின்பக்கம் முழங்கால் வரை சேறு, அட்டை வேறு. அவரை வாயடைக்க வைப்பதற்காகவே நான் கேட்டேன்.

"எங்க உக்காரது? சேத்துலயா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாலு நாள் கழித்து, அந்தி வேளையில், ஒரு புதுச் சத்தம் கேட்டது. ஈர மண்ணில் மண்வெட்டி இறங்கும் சத்தம். இறங்கி, உறிஞ்சிக்கொண்டு வெளியே வரும். கொஞ்சம் நிற்கும். மறுபடி இறங்கும். யாரோ தோட்டத்து ஆள் வாய்க்கால் வெட்டுகிறான் என்று நினைத்தேன். மறுநாளும் அதே நேரத்தில் கேட்டது. சீரே இல்லாத வெட்டு. மண் வெட்டிப் பழகாத கை என்று படுத்திருந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் இரவு முழுக்க மழை. அதற்கடுத்த நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் தவளைகள் கத்தின. கிணற்றடித் தவளைகள் இல்லை, இவை ரொம்பக் கிட்டத்தில் கத்தின. பலகை இடுக்கு வழியாக என் தலைமாட்டிலேயே உட்கார்ந்து கத்துவது போலிருந்தது. அரைத் தூக்கத்தில், வீடு தண்ணீரில் மிதக்கிறது, நான் படகில் படுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பயமாக இல்லை. அப்படியே போனால் நல்லது என்றுகூட இருந்தது.

அப்புறம் வாளியால் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. இறைத்து, வீசி, இறைத்து, வீசி. நிற்கவே இல்லை. நான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சமையல்கட்டு வழியாகப் பின்கதவுக்குப் போனேன்.

கதவுக்கு வெளியே பத்தடிக்கு எட்டடி இருக்கும், ஒரு பள்ளம். ஒரு சாண் ஆழம். முழுக்கச் செந்தண்ணீர். அதன் நடுவில் என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். தேங்கின தண்ணீரில் கொசு வரும், உங்கள் வீட்டுப் பின்னால் தண்ணீர் நிற்கக் கூடாது என்று தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்கிற டிரசர் தன் வீட்டுப் பின்னாலேயே ஒரு குளம் வெட்டி வைத்திருந்தார். இறைக்க இறைக்க ஓரத்து மண்ணிலிருந்து தண்ணீர் ஊறி வந்துகொண்டே இருந்தது.

என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். திருட்டுத்தனம் பண்ணிப் பிடிபட்ட மாதிரி ஒரு முகம்.

எனக்கு வாயில் வந்தது அப்பாவின் வார்த்தை. எந்தத் தளத்தைப் பார்த்தாலும் முதலில் அவர் கேட்பது.

"வாட்டம் எந்தப் பக்கம்?"

"யாருக்கு வாட்டம்?" என்றார் அவர், என்னையே பார்த்துக்கொண்டு.

தண்ணீர் ஓடுவதற்கு விடும் சரிவைக் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. என் முகத்து வாட்டத்தைப் பற்றி நானே ஏதோ சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதை நான் விளக்கிச் சொன்னேன். ஒரு மாதத்தில் அவரோடு நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். பள்ளமாக வெட்டக் கூடாது, வீட்டுப் பக்கம் மேடாக வைத்து, கிணற்று வாய்க்கால் பக்கம் முழத்துக்கு அரை விரல் இறங்கிப் போகவேண்டும், முதலில் இந்தத் தண்ணீர் போக ஒரு வாய் வெட்டிவிடுங்கள் என்றேன். சொல்லிவிட்டுக் கதவுப்படியில் உட்கார்ந்தேன். அவர் மண்வெட்டியை எடுத்து நான் கைகாட்டிய இடத்தில் வெட்டினார். செந்தண்ணீர் ஒரு நிமிஷம் யோசிப்பது போல நின்றுவிட்டு, அந்த வாயைக் கண்டுபிடித்து, மெல்ல மெல்லப் போகத் தொடங்கியது. தவளைகள் மட்டும் போகாமல் வெறும் சேற்றில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன.

அன்றோடு நான் எழுந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். மறுநாள் முழுக்கப் படுத்தேதான் கிடந்தேன். ஆனால் அந்தி வரும்போது காது தானாக அந்தப் பக்கம் போகும். மண்வெட்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் படியில் உட்காருவேன். இரண்டு வார்த்தை சொல்வேன். அவர் அதைச் செய்வார். ஏன் என்று கேட்கமாட்டார். இருட்டும் நேரத்தில் நான் உள்ளே போய்விடுவேன்.

கல் வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. குழந்தைக்காகச் சேர்த்தது குழந்தையோடு போயிருந்தது. அந்தச் சமயம், ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் பழைய புகை வீட்டைத் தோட்டத்தில் இடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் அடுப்புச் செங்கற்கள் குவியலாகக் கிடந்தன. ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் என் கணவர் கேட்டிருக்கிறார். முழுக்கல்லைத் தொடக் கூடாது, உடைந்ததை எடுத்துக்கொள்ளலாம், துரை ஒன்றும் சொல்லமாட்டார் என்று கிராணி சொன்னாராம். காலில் ஆறாத புண்ணுக்காக என் கணவரிடம் தினமும் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த வண்டிக்காரர், வெறும் வண்டியாகத் திரும்பும் போதெல்லாம் ஒரு பாரம் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் கொல்லையில் சாய்த்துவிட்டுப் போவார்.

அந்தக் கற்களில் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் புகை ஏறிக் கன்னங்கறுப்பு. பாதிக் கல், முக்கால் கல், மூலை போன கல். நான் படியில் உட்கார்ந்தபடியே இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பேன். நன்றாக வெந்த கல் மணி மாதிரி ஒலிக்கும். வேகாத கல் பலகையில் தட்டியது போல மொத்தென்று சொல்லும். ஒலித்தவை வலது பக்கம், மற்றவை இடது பக்கம். சாயங்காலம் முழுக்க அதையே செய்துகொண்டிருப்பேன். டிங், டிங், மொத். அந்தச் சத்தத்தில் மனசு எங்கோ போய்விடும். அப்பாவின் மணல் குவியலில் படுத்துக்கொண்டு மேலே சாரத்தில் ஆட்கள் பேசுவதைக் கேட்ட மாதிரி இருக்கும். கையில் இருப்பது எந்த ஊர்க் கல், எந்த வருஷத்துக் கல் என்றெல்லாம் மறந்துபோகும். இருட்டிவிட்டது என்று அவர் வந்து சொல்லும்போதுதான் தெரியும்.

மட்டம் பார்க்கக் கருவி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தட்டையான மருந்துப் போத்தல் கேட்டேன். அதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் ஊற்றி மூடி, ஒரு நேரான பலகைமேல் படுக்கவைத்தால், உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி மேட்டுப் பக்கம் ஓடும். போத்தலின் பக்கத்தில் மருந்து அளவுக்கு ஒட்டியிருந்த காகிதக் கோடுகள் அப்படியே இருந்தன. குமிழி எந்தக் கோட்டில் நிற்கவேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். அவர் தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துக்கொண்டு அந்தக் குமிழியைப் பார்ப்பார். அவ்வளவு நேரம் எதையாவது ஒருவர் பார்க்க முடியுமா என்று இருக்கும்.

ஓரத்துக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. ஓரத்தில் கட்டை கொடுக்காவிட்டால் மழைக்குக் கல் ஒவ்வொன்றாக விலகிப் போய்விடும். எங்களுக்குக் காய்கறி கொண்டுவரும் சீனர் ஒருவர் உண்டு. தோளில் கம்பு, இரண்டு பக்கமும் கூடை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சதுப்பில் தோட்டம் போட்டிருந்தார். அவர் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, மலாயில் ஏதோ கேட்டார். என் கணவர் ஓரத்தைக் காட்டிப் பதில் சொன்னார். இரண்டு நாள் கழித்து, சதுப்பில் வளரும் நிபோங் பனையை நீளவாக்கில் பிளந்து நாலு துண்டு தூக்கிக்கொண்டு வந்து போட்டார். சேற்றில் கிடந்தாலும் அது லேசில் உளுத்துப்போகாதாம். அவர் பாத்தி ஓரமெல்லாம் அதுதானாம். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, அவருடைய பாத்திக்கு எப்படித் தண்ணீர் வாட்டம் விடுவது என்று அந்த அம்மாவைக் கேட்டுச் சொல் என்றாராம். என் கணவர் அதை உள்ளே வந்து என்னிடம் சொன்னபோது அவர் உதட்டோரம் லேசாக மேலே போனது. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மணலை ஓடையிலிருந்து அவரே சாக்கில் சுமந்து வந்தார். அள்ளின நாளிலேயே போடக் கூடாது, மண் போகக் கழுவவேண்டும் என்றேன். கழுவினார். இப்போது நானும் படியை விட்டு இறங்கியிருந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்றேன். பிள்ளை போன உடம்பு, ஈரத்தில் நிற்காதே என்று மருத்துவச்சி வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு சத்தம் போட்டாள். நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றேன். கால் விரல் இடுக்கில் மணல் நெறிபட்டது எனக்கு நன்றாக இருந்தது.

மண்ணை இறுக்க அவர் ஒரு ரப்பர் மரத்துண்டில் கைப்பிடி வைத்துத் திமிசுக் கட்டை செய்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாகத் தரையை இடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு இடிக்கும் பலகைச் சுவர் லேசாக அதிரும். வாழை மரம் பக்கத்து மூலைக்கு வந்தபோது நான் ஓடிப்போய்க் கட்டையைப் பிடித்துவிட்டேன்.

"அங்க வேண்டாம்."

"ஏன்?"

மருத்துவச்சி குழந்தை பிறந்த அன்று நஞ்சுக்கொடியைச் சட்டியில் போட்டு, மஞ்சள் தூவி, அந்த இடத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்திருந்தாள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஆண்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் மண்ணையே பார்த்துக்கொண்டு அதைச் சொன்னேன்.

அவர் திமிசுக் கட்டையை மெதுவாக, சத்தம் வராமல், கீழே படுக்க வைத்தார். பிறகு அங்கேயே குந்தி உட்கார்ந்து, ஏற்கெனவே மண்வெட்டி பட்ட இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். வெட்டு அவ்வளவு ஆழம் போகவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

மறுநாள் அவர் வந்து, அந்த இடத்தில் மட்டும் இரண்டு முழச் சதுரம் விட்டுவிடலாமா என்று கேட்டார். விடலாம் என்றேன். சுற்றிலும் கல்லைப் படுக்கவைக்காமல் குத்தவைத்து ஒரு விளிம்பு கட்டினார். மூலை போகாத கற்களாகத் தேடித் தேடி அதற்கென்று எடுத்து வைத்திருந்தார். காய்கறிக்காரர் வந்தபோது, தளத்தில் ஓட்டை விட்டிருக்கிறீர்களே என்று கேட்டார். என் கணவர் மலாயில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு காய்கறிக்காரர் வரும்போதெல்லாம் கூடைகளை அந்தச் சதுரத்துக்கு மேலாக வீசித் திருப்பாமல், சுற்றிக்கொண்டு போய் வைப்பார்.

கல் பாவியது நான்தான். அவர் எடுத்துக் கொடுக்க நான் வைத்தேன். அத்தனையும் உடைந்த கல் என்பதால் ஒரு வரிசைகூட நேராக வராது. எந்த உடைசலுக்கு எந்த உடைசல் பொருந்தும் என்று பார்த்துப் பார்த்து வைக்கவேண்டும். கறுப்புப் பக்கம் மேலே வரட்டுமா, சிவப்புப் பக்கமா என்று அவர் கேட்டார். வருகிறபடி வரட்டும் என்றேன். கடைசியில் பார்த்தால், சிவப்பும் கறுப்புமாக, மேகம் ஓடும்போது தரையில் விழும் நிழல் போல இருந்தது. கல் பொருந்தாத சந்துகளில், மரத்தில் பால் பிடிக்கிற பீங்கான் கோப்பைகளின் உடைந்த துண்டுகளைக் கொண்டுவந்து சொருகினார். லயத்துப் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்களாம். அதில் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் இருந்தேன். உள்பக்கத்தில் ரப்பர் பால் காய்ந்து ஒரு தோல் மாதிரி ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்தேன். முழுசாக வந்துவிட்டது. அந்தத் துண்டையும் சொருகிவிட்டு, மேலே மணலைத் தூவிக் கூட்டினேன்.

முடிந்த அன்று நல்ல மழை. இரண்டு பேரும் பின்கதவில் நின்று பார்த்தோம். தண்ணீர் கல்லின்மேல் ஒரு மெல்லிய துணி மாதிரி விரிந்து, வாய்க்கால் பக்கம் நழுவிப் போய்க்கொண்டே இருந்தது. ஓரிடத்திலும் நிற்கவில்லை. நனைந்த கல்லிலிருந்து புகை வீட்டு வாசனை எழுந்து வீடு முழுக்க நிறைந்தது. எத்தனையோ வருஷம் அந்த அடுப்பில் எரிந்த புகை. அந்த வாசனையோடு நான் அன்று மத்தியானம் தூங்கினேன். கனவு ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரியில் ரப்பர் இலைகள் சிவந்து உதிரும். காற்றே இல்லாத நாளில்கூட, யாரோ மேலே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுவது போல விழுந்துகொண்டிருக்கும். காலையில் கூட்டிவிட்டு நிமிர்ந்தால் தளம் மறுபடி மூடியிருக்கும். கூட்டுவதை விட்டுவிட்டேன். வெயில் நேராக வரும், மரமெல்லாம் மொட்டையாக நிற்பதால் எங்கே பார்த்தாலும் வானம். நான் ஒரு பாயைப் போட்டு, ஈரத் தலையை விரித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். இலைகள் மடியில் விழும். தட்டிவிடமாட்டேன். நேரம் என்ன என்பதே தெரியாத நாட்கள் அவை.

அப்படி ஒரு மத்தியானம் அவர் வந்தார். சட்டையில் கார்பாலிக் மருந்து வாசனை. சாப்பிட உள்ளே போகாமல், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பாயில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு இலையை நரம்பு நரம்பாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"மருந்து நான்தான் கலந்தேன்," என்றார்.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"அளவு சரிதான். புஸ்தகத்துல பாத்தேன். அதுக்கப்புறமும் தினம் பாக்குறேன். காலைல ஆஸ்பத்திரி தொறந்ததும் முதல்ல அந்தப் பக்கத்தைத்தான் தொறக்குறேன். சரியாதான் இருக்கு. டாக்டர்கிட்டயும் கேட்டேன். அவரும் சரின்னுதான் சொன்னாரு."

அவர் குரல் மருந்துச் சீட்டு வாசிப்பது போல ஒரே சீராக இருந்தது. குழந்தை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை இது.

"நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றேன். "உங்க கை நடுங்கல."

"ரெண்டாவது தடவை நடுங்குச்சு. நீ பாக்கல. கொஞ்சம் சிந்திருச்சு. சிந்தினதுக்குப் பதிலா மறுபடி ஊத்தினேன். எவ்வளவு சிந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

அது அவளைக் கொல்லவுமில்லை, காப்பாற்றியிருக்கவும் முடியாது என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் மூன்று மாதமாக அந்தச் சில துளிகளைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார், அதைச் சுமந்துகொண்டே மண்ணும் மணலும் கல்லும் சுமந்திருக்கிறார், நான் அத்தனை நாளும் அவரை ஆஸ்பத்திரிக்குப் போனவர் என்று மட்டும் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன் என்பதுதான். நான் நகர்ந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மண்வெட்டி பிடித்து உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அவர் அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ டிரசர் ஐயா என்று கூப்பிட்டார்கள். இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. மூன்றாவது தடவை நான் எழுந்து முன்பக்கம் போய், ஐயா சாப்பிடுகிறார், கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வீட்டில் நாங்கள் மேலும் ஆறு வருஷம் இருந்தோம். இரண்டு பெண்கள் பிறந்து அந்தத் தளத்தில்தான் தவழ்ந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, எழுந்து நடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கைக்குழந்தையோடு வந்து காத்திருக்கும் லயத்துப் பெண்கள் பின்பக்கம் வந்து கால் நீட்டி உட்காருவார்கள். அவர்களில் யாராவது எதையாவது சொல்லிச் சிரிப்பார்கள். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், தாழ்ந்துபோன கற்களைப் பெயர்த்து அடியில் மணல் போட்டு மறுபடி வைப்போம். அது எங்களுக்கு ஒரு பண்டிகை மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் குறைத்தார்கள், ஆஸ்பத்திரியை மூடி வேறொரு தோட்டத்தோடு சேர்த்தார்கள். என் கணவருக்குக் கோத்தா திங்கியில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தோம். அங்கே கொல்லை என்று ஒன்றில்லை. சன்னலைத் திறந்தால் ஆறுதான்.

நாலைந்து வருஷம் கழித்து, கடை விஷயமாக அவர் கூலாய் பக்கம் போகவேண்டி வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்கள். நான் சோற்றைப் போட்டுவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டேன். தோட்டத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். வீட்டைப் பிரித்துவிட்டார்களாம், தூண் நின்ற இடம் மட்டும் தெரிகிறதாம். கல்லெல்லாம் அப்படியே இருக்கிறதாம். லயத்துப் பிள்ளைகள் அங்கே கோலி ஆடிக்கொண்டிருந்தார்களாம்.

"மூணு மணி பஸ்ஸை விட்டுட்டேன்," என்றார்.

"ஏன்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"அங்கயே உக்காந்துட்டேன்," என்றார்.